அண்டாவில் ஏறிய மிராசு

தனபாக்கியத்துக்கு இரண்டு நாய்கள். தண்ணீரைக் கண்டால் ஒன்றுக்குக் கொண்டாட்டம், மற்றதற்குக் குலைநடுக்கம். ஆற்றில் குதித்து நீந்துகிற கறுப்பு நாய்க்குச் சிப்பாய் என்று பெயர். மழைத் தண்ணீர் தேங்கிய குட்டையைக்கூடச் சுற்றிக்கொண்டு போகிற செவலை நாய்க்கு மிராசு என்று வைத்திருந்தாள். "சேத்துல கால் வைக்காம சோறு திங்குறவனுக்கு வேற என்ன பேரு வைக்கிறது?" என்று கேட்பாள். அந்தப் பேச்சு மிராசுதாரரின் பண்ணை வீட்டுக்குப் போய்விடுமோ என்று எங்களுக்குத்தான் பயம். அவளுக்கு அந்தக் கவலையே கிடையாது.

அவள் தரங்கம்பாடிப் பக்கத்து மீனவர் வீட்டுப் பெண். எங்கள் ஊர் மாரியப்பன் அவளை விரும்பி, கட்சிக்காரர்கள் முன்னிலையில் மாலை மாற்றிக் கூட்டிவந்தான். கடற்கரைப் பெண்ணுக்கு நீச்சல் சொல்லித்தரவா வேண்டும் என்பார்கள். தப்பு. அங்கே கடலுக்குப் போவது ஆண்கள். பெண்களுக்கு மீன் கூடைதான். அவள் நீந்தக் கற்றது எங்கள் வெட்டாற்றில், கல்யாணமான பிறகு, வேறு வழியில்லாமல்.

வீடு வடகரையில். குத்தகை நிலம் தென்கரையில். பாலம் நாலு மைல் தள்ளி. ஆனியில் தண்ணீர் வந்துவிட்டால் தை வரைக்கும் ஆறு நிறைந்துதான் ஓடும். நெல் அவிக்கிற பெரிய அண்டாவை மிதக்கவிட்டு, அதில் அரிவாள், கஞ்சித் தூக்கு, மாற்றுப் புடவை எல்லாம் வைத்துத் தள்ளிக்கொண்டே நீந்துவாள். பக்கத்தில் சிப்பாய் நீந்தும். மிராசு அண்டாவுக்குள் உட்கார்ந்து சவாரி வரும்.

மாரியப்பன் மஞ்சள்காமாலையில் போய்ச் சேர்ந்த பிறகு, இரண்டு வருஷம் அவளே உழவுக்கு ஆள் பிடித்து, நாற்று விட்டு, நட்டு, அறுத்தாள். அப்போதுதான் கழக ஆட்சியில் குத்தகைதாரர் பெயரைப் பதிவேட்டில் ஏற்றும் சட்டம் வந்தது. பெயர் ஏறிவிட்டால் லேசில் யாரும் விரட்ட முடியாது. ஏறாவிட்டால் அடுத்த போகத்துக்கு அவள் அந்த வரப்பை மிதிக்க முடியாது. நிலத்துக்காரர் ராஜகோபாலன் மதராஸில் இருந்தார். அவருடைய காரியஸ்தர் பஞ்சநதம், மாரியப்பனோடு குத்தகை முடிந்தது, இப்போது பண்ணையே சொந்தச் சாகுபடி செய்கிறது என்று எழுதிக் கொடுத்துவிட்டார்.

ஐப்பசியில் பதிவு அதிகாரி அப்துல் அஜீஸ் வயலுக்கே விசாரிக்க வந்தார். என்னையும் இன்னும் நாலு பேரையும் பஞ்சநதம் வரப்பில் நிறுத்தியிருந்தார். நாங்களும் அந்தப் பண்ணையின் குத்தகைக்காரர்கள்தான். யார் பயிர் வைத்தது என்று அதிகாரி கேட்டபோது, சொல்லிக் கொடுத்தபடியே "தெரியாதுங்க" என்றேன். அதைச் சொன்ன வாயை இன்றைக்கும் எனக்குப் பிடிக்கவில்லை.

அன்றைக்கென்று தனபாக்கியமும் ஒரு தப்புச் செய்திருந்தாள். அதிகாரி முன்னால் ஈரப் புடவையோடு நிற்பது மரியாதையில்லை என்று, அண்டாவையும் நாய்களையும் வடகரையிலேயே விட்டுவிட்டு, கல்யாணப் புடவையைக் கட்டிக்கொண்டு பாலத்தைச் சுற்றி நடந்தே வந்திருந்தாள். பஞ்சநதம் விடுவாரா?

"சார், அவ வீடு அந்தக் கரை. ஆறு ரெண்டு கரையும் தொட்டுண்டு ஓடறது. போக எட்டு, வர எட்டுன்னு தினம் பதினாறு மைல் நடந்தா இவ விவசாயம் பண்ணினா?"

"நீந்தி வருவேங்க" என்றாள் தனபாக்கியம் அதிகாரியிடம்.

"இன்னிக்கு நீந்தலையே! புடவையில ஒரு சொட்டு ஈரம் இருக்கா, பாருங்கோ சார்!"

அதிகாரி புடவையைப் பார்த்தார். பேனாவைத் திறந்தார். பண்ணைப் பக்கம் எழுதிவிடுவார் போலிருந்தது.

தனபாக்கியம் விறுவிறுவென்று ஆற்றங்கரைமேல் ஏறினாள். கைகளை வாயருகே குவித்து, "டேய் சிப்பாய்! டேய் மிராசு! வாங்கடா!" என்று குரல் கொடுத்தாள். மிராசு என்றதும் பஞ்சநதத்தின் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே!

சிப்பாய் பாய்ந்து வந்து ஆற்றில் விழுந்தது. நீந்திக் கரையேறி, உடம்பைச் சிலுப்பி, பஞ்சநதத்தின் வேட்டியை நனைத்துவிட்டு, நேரே அவள் வயல் வரப்பில் போய்ப் படுத்துக்கொண்டது.

"நாய்னா நீந்தத்தான் செய்யும் சார். இது ஒரு சாட்சியா?" என்றார் பஞ்சநதம்.

எதிர்க்கரையில் மிராசு தண்ணீரில் ஒரு காலை வைத்து, சுட்டதுபோல வெடுக்கென்று எடுத்துக்கொண்டது. முனகியது. இங்கும் அங்கும் ஓடியது. துறையில் முளைக்குச்சியில் கட்டியிருந்த அண்டா பாதி மிதந்து ஆடிக்கொண்டிருந்தது. ஒரே தாவல். உள்ளே ஏறி உட்கார்ந்து, விளிம்புக்கு மேல் மூக்கை நீட்டிக்கொண்டு, வந்து தள்ளு என்கிற மாதிரிக் குரைக்க ஆரம்பித்தது.

அதிகாரி பேனாவை மூடினார். "அது ஏம்மா அண்டால ஏறுது?"

"அதுல ஏறுனாதாங்க வயலுக்கு வர முடியும். தினம் அப்படித்தான் வருது."

அவர் பஞ்சநதத்தின் பக்கம் திரும்பினார். "தண்ணியக் கண்டு நடுங்குற நாய். யாரும் சொல்லாமயே ஆடுற அண்டால ஏறி உக்காருது. இத ஒரு நாள்ல பழக்கிட முடியுமாங்க?"

"அது வந்து சார்..." என்றார் பஞ்சநதம். குனிந்து வேட்டியின் ஈரத்தைப் பிழிய ஆரம்பித்தார்.

தனபாக்கியம் கல்யாணப் புடவையை வரிந்து கட்டிக்கொண்டு ஆற்றில் குதித்துவிட்டாள். அந்தக் கரை போய், கயிற்றை அவிழ்த்து, அண்டாவைத் தள்ளிக்கொண்டு வந்தாள். உள்ளே மிராசு, ஒரு ரோமம்கூட நனையாமல், ஊர்வலம் வருகிற தோரணையில். எனக்குத் தாங்கவில்லை.

"ரெண்டு வருஷமா அவதாங்க பயிர் வைக்கிறா! நான் கண்ணால பாத்திருக்கேன்!" என்று கத்திவிட்டேன். மற்ற நாலு பேரும் ஆமாங்க, ஆமாங்க என்றார்கள். நாய் சாட்சி சொன்ன பிறகுதான் எங்களுக்கு வாய் வந்தது. வந்ததே, அதுவரை சந்தோஷம்.

அதிகாரி சொல்லச் சொல்ல, அவரோடு வந்திருந்த குமாஸ்தா எழுதினார். "சாகுபடி செய்பவர், மாரியப்பன் சம்சாரம்" என்று படித்துக் காட்டினார்.

"அவரு போயிட்டாருங்க" என்றாள் தனபாக்கியம், தண்ணீர் சொட்டச் சொட்ட. "நாத்து நட்டது நானு. என் பேரை எழுதுங்க."

அதிகாரி தலையாட்டினார். குமாஸ்தா அடித்துவிட்டு, திருத்தி எழுதி, தனபாக்கியம் என்று மெல்லப் படித்தார்.

"இன்னும் கொஞ்சம் சத்தமாப் படிங்க ஐயா" என்றாள், பஞ்சநதத்தைப் பார்த்துக்கொண்டே.

குமாஸ்தா அக்கரைக்குக் கேட்கும்படி படித்தார்.