ஜீரகம் போடாத ஜீரகத் தண்ணீர்

போன செவ்வாய்க்கிழமை ஃபேன் மாட்ட வந்தார் எலக்ட்ரீஷியன் ஷாஜி சேட்டன். கொச்சங்காடியிலிருந்து வெயிலில் நடந்து வந்த மனிதர். நான் மாடியில் துணி காயப்போட்டுவிட்டு இறங்குவதற்குள், சாப்பாட்டு மேஜையில் இருந்த பாட்டிலை எடுத்து ஒரு டம்ளர் ஊற்றிக் குடித்திருந்தார்.

"சேச்சி, ஜீரகம் கொறவாணு" என்றார். "ஒரு புளிப்பும் உண்டு."

அன்று நான் ஜீரகத் தண்ணீர் போடவே இல்லை!

என் கணவருக்கு ஒரு பைத்தியம் உண்டு... போட்டோவைக் கையால் பிரின்ட் போடுவது. பிசின், வாட்டர் கலர், ஒரு ரசாயன உப்பு — மூன்றையும் கலந்து காகிதத்தில் பூசி வெயிலில் வைப்பார். பதினைந்து வருஷமாக அவர் வாங்கியது டைக்ரோமேட் என்ற ஆரஞ்சு உப்பு. படு விஷம். விரல் இடுக்கெல்லாம் புண்ணாகி, தோல் டாக்டர் திட்டிய பிறகு, போன மாதம்தான் ஏதோ ஓர் இரும்பு உப்புக்கு மாறினார். "இது சேஃப்" என்று நாளைக்கு நாலு தரம் சொல்வார். நானும் தலையாட்டுவேன். எத்தனை வருஷம்தான் சண்டை போடுவது?

பழசும் இன்னும் வீட்டில்தான் இருக்கிறது. தண்ணீரில் கரைத்தால் பழசும் மஞ்சள், புதுசும் மஞ்சள். ஷாஜி சேட்டன் குடித்தது எதை?

தமிழ்நாடாக இருந்தால் மஞ்சள் தண்ணீரைப் பார்த்ததும் "என்னங்க இது?" என்று முகர்ந்து பார்ப்பார்கள். இங்கே மட்டாஞ்சேரியில் கதை தலைகீழ். ஜீரகம் போட்டால் மஞ்சள், பதிமுகப் பட்டை போட்டால் சிவப்பு. நிறம் இருந்தால்தான் கொதிக்கவைத்த தண்ணீர் என்று நம்பிக் குடிப்பார்கள். அவரை என்ன குறை சொல்ல?

கணவர் காக்கநாட்டில் ஏதோ வேலையாக இருந்தார். மூன்று தரம் போன் அடித்தேன், எடுக்கவில்லை. ஷாஜி சேட்டனையும் பாட்டிலையும் ஆட்டோவில் ஏற்றினேன். குடித்தவர் நிதானமாக இருந்தார். குடிக்காத நான்தான் அழுதுகொண்டிருந்தேன். அவருக்கு இரண்டு பெண் குழந்தைகள்... வழியெல்லாம் அதே நினைப்பு.

ஆஸ்பத்திரி வாசலில் கணவரிடமிருந்து போன் வந்தது. அழுதபடியே விஷயத்தைச் சொன்னேன்.

"பயப்படாத. அது புதுசு. ரத்தசோகை டானிக்ல போடற உப்புதான்" என்றார். "பழசை நான் பூட்டித்தானே வச்சிருக்கேன்."

டாக்டர் பாட்டிலை முகர்ந்தார், விவரம் கேட்டார், இரண்டு மணி நேரம் உட்காரவைத்துப் பார்த்துவிட்டு அனுப்பினார். வயிறு கொஞ்சம் கலங்கலாம், அவ்வளவுதான். டானிக்கே ஆனாலும் டம்ளர் கணக்கில் குடிக்கக் கூடாது என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வீட்டுக்கு வந்த கணவர், "பாத்தியா, மாத்தினது எவ்வளவு நல்லதாப் போச்சு" என்றார். வாஸ்தவம்தான். பழசாக இருந்திருந்தால்? ஆனால் பாட்டிலை ஏன் மேஜையில் வைத்தீர்கள் என்று கேட்டேன். கரைத்ததில் மிச்சம் இருந்ததை, கைக்குக் கிடைத்த பாட்டிலில் ஊற்றினாராம். "சேஃப்தானே..." என்றார்.

விஷத்துக்குப் பதினைந்து வருஷமாகப் பூட்டு போட்டவர், நல்லதுக்கு ஒரு லேபிள்கூட ஒட்டவில்லை.