விமானப் படிக்கட்டருகே நின்றவர்

எழுபதுகளில் கொச்சி விமான நிலையத்தில் பெட்டிகளை எடைபோடும் வேலையில் இருந்தேன். அங்கிருந்த சுகாதார இன்ஸ்பெக்டர் ஒல்லியானவர்; சட்டைக் காலர் எப்போதும் வியர்வையில் ஊறியிருக்கும். பம்பாய் விமானம் வந்தால் படிக்கட்டருகே நின்று, இறங்கும் ஒவ்வொருவரிடமும் "சௌக்கியமா?" என்பார். பதில் வருவதற்குள் கண்ணையும் தோலையும் பார்த்துவிடுவார். வெளிநாட்டுக்குப் போய்வருகிறவர்களோடு பெரியம்மை வந்துவிடக் கூடாதென்று அவரை அங்கே போட்டிருந்தார்கள்.

ஒருநாள், அப்பா இறந்த தந்தி கிடைத்து வளைகுடாவிலிருந்து ஓடிவந்த ஒருவரை நிறுத்திவிட்டார். காய்ச்சல், கழுத்தில் கொப்புளம். அந்த மனிதர் அழுது கெஞ்சியும் இன்ஸ்பெக்டர் விடவில்லை. மதியத்துக்கு மேல் வந்த டாக்டர் சின்னம்மைதான் என்றார். ஆனாலும் ஆஸ்பத்திரிக்குத்தான் அனுப்பினார்.

விமான நிலையம் இருந்தது தீவில்; மாலையில் மட்டாஞ்சேரி போகும் படகில் நானும் இன்ஸ்பெக்டரும் திரும்பினோம்.

"சின்னம்மைதானே சார், விட்டிருக்கலாமே?" என்றேன்.

"டாக்டர் சொன்னப்பறம்தானே அது சின்னம்மைன்னு தெரிஞ்சுது?" அவர் கண்ணை மூடிக்கொண்டார். "ரொம்ப க்ஷீணமா இருக்கு, ஓய்."

படகுத்துறையில் இறங்கியதும் கேட்டார்: "கொச்சங்காடியில அந்த மனுஷனோட வீடு தெரியுமோ? பிள்ளை வருவான்னு பிரேதத்தை எடுக்காம காத்திண்டிருப்பா. காக்க வேண்டாம்னு சொல்லணும்."

"யாரையாவது அனுப்பலாமே சார்."

"நிறுத்தினது நானில்லையா?"

சந்து முனை வரைக்கும் கூட்டிப்போனேன். அதற்குமேல் எனக்குத் தைரியம் வரவில்லை. அழுகைச் சத்தம் கேட்ட வீட்டை நோக்கி அவர் மெல்ல நடந்தார். துக்கம் கேட்க வந்த உறவினர் என்று நினைத்து, வாசலில் நின்றவர்கள் விலகி அவருக்கு வழிவிட்டார்கள்.