உட்கார்ந்து சிரிப்பவர்

யாராவது வேடிக்கையாக எதையாவது சொல்லத் தொடங்கினால், "இரு, இரு, உக்காந்துக்கறேன்" என்று பைண்டர் அக்கா கையில் உள்ள தாள்களைக் கீழே வைப்பார். முக்காலியை இழுத்துப் போட்டு, கால்மேல் கால் போட்டுக்கொண்டு, "ம், இப்ப சொல்லு" என்பார். அதற்குப் பிறகுதான் அச்சகமே அதிரும்படி சிரிப்பார். நகைச்சுவைக்கு அவர் தரும் மரியாதை என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம்.

அக்காவுக்கு ஐம்பத்திரண்டு வயது. மடிப்பது, தைப்பது, பசை தடவுவது எல்லாம் அவர் கைவேலை. தைத்த புத்தகங்களை இரும்பு அழுத்தியில் வைத்துத் திருகும்போது தம் பிடித்து, பல்லைக் கடித்து, உடம்பின் பாரம் முழுவதையும் கைப்பிடியில் இறக்குவார். புத்தகக் கட்டுகளை மாடிக் கிடங்குக்கு அவரே தூக்கிப் போவார். ஆண்கள் கை நீட்டினால், "போப்பா, நீ தூக்கினா மூலை மடங்கிடும்" என்று விரட்டுவார். தண்ணீர் குடிக்கச் சொன்னால் எரிச்சல் வரும். தனக்கு இருமல் வந்தால் பயந்தவர்போல மேசையைப் பிடித்துக்கொள்வார்.

நான் அதே அச்சகத்தில் பிழை திருத்துகிறேன். ஒற்று விடுபட்டால் ஊரைக் கூட்டுகிற எனக்கு, ஆறு வருடம் எதிர் மேசையில் இருந்தவரின் அவஸ்தை கண்ணில் படவில்லை. ஒரு நாள் கிடங்குப் படியில் புத்தகக் கட்டை இறக்கி வைத்துவிட்டு அவர் சுவரைப் பிடித்து நின்றதைப் பார்த்த பிறகுதான் கேட்டேன்.

"கீழ எறங்கி வருதுடி. உருண்டை மாதிரி. படுத்தா உள்ள போயிடும். மூணாவது பிரசவத்துலேர்ந்தே லேசா இருந்துச்சு. இப்ப நின்னுக்கிட்டு சிரிச்சாலே, இருமினாலே வந்துடுது. ஒண்ணுக்கும் அடிக்கடி வருது, அதான் தண்ணியே குடிக்கறதில்ல."

"வீட்டுல மாமாவுக்குத் தெரியுமா?"

"இதப் போயி யார்கிட்ட சொல்றது? சொன்னா ஆஸ்பத்திரில கர்ப்பப்பைய எடுத்துப் போட்டுடுவாங்க. கட்டு தூக்காதேம்பாங்க. அப்புறம் முதலாளி என்னை எதுக்கு வச்சிருப்பாரு?"

எனக்குக் கோபம் வந்தது. அவர் மேலா, என் மேலா என்று தெரியவில்லை. மறுநாளே மருத்துவமனைக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

டாக்டரம்மா பரிசோதித்துவிட்டு, ஒரு தாளில் படம் வரைந்து நிதானமாகச் சொன்னார். கர்ப்பப்பையைத் தாங்கும் தசைகளும் நார்களும் பிரசவத்தில் தளர்ந்திருக்கின்றன. பாரம் தூக்கித் தூக்கி இன்னும் தளர்ந்துவிட்டன. இது புற்றுநோய் அல்ல, வெட்கப்பட ஒன்றுமில்லை. தசைக்குப் பயிற்சி உண்டு, உள்ளே வைத்துத் தாங்கிக்கொள்ள மெத்தென்ற வளையம் உண்டு. அவை போதாவிட்டால்தான் அறுவை சிகிச்சை. அதிலும் எல்லோருக்கும் கர்ப்பப்பையை எடுத்தாக வேண்டும் என்பதில்லை. அக்கா வளையம் போதும் என்றார்.

பயிற்சியில்தான் தொழில் குறுக்கே வந்தது. "இறுக்குங்க" என்றதும் அக்கா தம் பிடித்து, பல்லைக் கடித்து, இரும்பு அழுத்தியைத் திருகுவதுபோலவே கீழ்நோக்கி அழுத்தினார். சொல்லிக்கொடுத்த பெண் பதறிவிட்டாள்.

"ஐயோ, தள்ளாதீங்கம்மா! ஒண்ணுக்கு வந்தா அடக்குவீங்கல்ல, அந்த மாதிரி மேல இழுங்க. மூச்சு அது பாட்டுக்குப் போகட்டும்."

"அப்ப இத்தன வருஷமா நானேதான் தள்ளிவிட்டுட்டு இருந்திருக்கேனா?" என்றார் அக்கா.

வளையம் பொருந்திவிட்டது. கழற்றிக் கழுவி மாட்ட எப்போது வர வேண்டும் என்று சீட்டும் கொடுத்தார்கள். ஆனால் பாரம் தூக்கக் கூடாது என்று டாக்டரம்மா சொன்னதை முதலாளியிடம் சொல்லாமல் பத்து நாள் கடத்தினார். "முதுகுவலின்னு சொல்லிடட்டுமாடி?" என்று என்னிடம் இரண்டு முறை கேட்டார். வேலை போய்விடும் என்ற பயம் அவருக்குப் போகவே இல்லை.

நேற்று முதலாளி ஒரு கட்டைக் கொண்டுவந்து அக்காவின் மேசைமேல் வைத்து, "மாடிக்குக் கொண்டுபோங்கக்கா, அவசரம்" என்றார். அச்சு ஓட்டுகிற ஆண்கள் நாலு பேரும் அங்கேதான் நின்றார்கள். அக்கா என்னைப் பார்த்தார். பிறகு முதலாளியைப் பார்த்தார்.

"எனக்குக் கர்ப்பப்பை எறங்கியிருக்கு, முதலாளி. வைத்தியம் பாக்கறேன். கட்டு தூக்க மாட்டேன். மத்த வேலையெல்லாம் செய்வேன்."

முதலாளிக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அக்கா கட்டின் கயிற்றை அறுத்து, மேலிருந்து நாலு புத்தகங்களை மட்டும் மாடிக்கென்று எடுத்துக்கொண்டு, மிச்சத்தை மேசைமேலேயே முதலாளி பக்கம் நகர்த்தினார்.