இடப்பக்கம் போன முள்

இது நடந்த கதை. நடந்தது என் சொந்தத் தங்கை வீட்டில். பேய் என்றால் நடுராத்திரிதான் வரவேண்டும் என்று சட்டம் ஒன்றும் இல்லை. இது வந்தது மத்தியானம், மூன்றேகால் மணிக்கு. சந்தேகம் உள்ளவர்கள் கடைசிவரை கேட்டுவிட்டுச் சாவகாசமாகச் சந்தேகப்படுங்கள்.

மாப்பிள்ளை, அதாவது தங்கையின் வீட்டுக்காரர், மீட்டர் ரிப்பேர் பார்ப்பவர். தங்கைக்கு நாலு நாளாகக் காய்ச்சல். உடம்பு அனலாகக் கொதித்தது. "இன்னைக்குப் பொழுது தாண்டிட்டா பொழைச்சுக்குவாங்க" என்று சொல்லிவிட்டு டாக்டர் போய்விட்டார். மனுஷன் கட்டிலைவிட்டு நகரவில்லை.

அந்த நிலையிலும் தங்கைக்கு வாய் குறையவில்லை. "இப்படியே என் மூஞ்சியப் பாத்துட்டு உக்காந்திருந்தா, எமனும் வந்து பக்கத்துல உக்காந்துக்குவான். போய் வேலையப் பாருங்க."

போனார். சும்மா போகவில்லை. அவரிடம் ஒரு தகடு இருந்தது. ஒரு பக்கம் சூடு, மறுபக்கம் குளிர்ச்சி இருந்தால் போதும். பேட்டரி இல்லாமலே துளி மின்சாரம் தரும். அதைக் கட்டிலின் இரும்புச் சட்டத்தில் ஒட்டி, மேலே அவள் உள்ளங்கையை வைத்தார். வயரைத் தான் ரிப்பேர் வேலை பார்க்கும் பக்கத்து அறைக்கு இழுத்து ஒரு மீட்டரில் மாட்டினார். முள் நடுவில் நிற்கிற மீட்டர். சூடான கை பட்டால் முள் வலப்பக்கம் சாயும். எடுத்தால் நடுவுக்குத் திரும்பும். அறையைவிடக் குளிர்ந்தது ஏதாவது பட்டால் இடப்பக்கம்.

காய்ச்சல்காரி கைக்கு முள் வலது ஓரத்தில் போய் ஒட்டிக்கொண்டது.

வெளியே மழை. மாப்பிள்ளை வேலையைப் பார்த்தார், முள்ளைப் பார்த்தார். பெரும்பாலும் முள்ளைத்தான்.

மூன்றேகால். முள் மெல்ல இறங்கியது.

நடுவுக்கு வந்தது.

கை நழுவியிருக்கும் என்று எழுந்தார். ஆனால் முள் நிற்கவில்லை... நடுவைத் தாண்டியது... இடது ஓரத்தில் போய் 'டிக்' என்று இடித்தது.

உள்ளே கட்டில் 'க்ரீச்' என்றது.

ஓடினார்.

அவள் எழுந்து உட்கார்ந்திருந்தாள். கை தகட்டின்மேலேயே இருந்தது.

"என்னங்க, வேலை முடிஞ்சுதா?"

"உனக்கு... எப்படி இருக்கு?"

"பசிக்குது."

ஈரத்துணி ஏதும் பட்டிருக்குமோ? நெற்றித் துணி காய்ந்து கிடந்தது. வயரை மாற்றி மாட்டிவிட்டாரோ? மீட்டரைக் கட்டிலருகே கொண்டுவந்து, தகட்டில் தன் கையை வைத்துப் பார்த்தார். முள் ஒழுங்காக வலப்பக்கம் போனது.

தகட்டைக் கழற்றி அலமாரியில் பூட்டினார்.

இதை அவர் என்னிடம் சொன்னது இருபத்தாறு வருஷம் கழித்து, போன வாரம்தான்.

"மறுபடி அவ கைய வெச்சுப் பாக்கலையா?"

"பொழைச்சு வந்துட்டா. அதுக்கு மேல எனக்கு எதுக்கு மச்சான் தெரியணும்?"

அப்போது தங்கை சமையலறையில் இருந்தாள். தங்கை வீட்டுக் காப்பி எப்போதும் ஆறித்தான் வரும். சோம்பல் என்று நினைத்திருந்தேன். அன்றைக்கு எட்டிப் பார்த்தேன். கொதிக்கக் கொதிக்க இறக்கினாள். இரண்டு தம்ளரில் ஊற்றினாள். இரண்டையும் கைக்குள் இறுக்கிப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

"சூடா இருக்கு, பாத்துக் குடிண்ணே."

வாங்கினேன்.

ஜில்லென்று இருந்தது.

மாப்பிள்ளை தன் தம்ளரை ஒரே மடக்கில் குடித்து முடித்தார். அப்போதுதான் நினைவுக்கு வந்தது... இத்தனை வருஷத்தில் அந்த மனுஷன் காப்பியை ஊதிக் குடித்து நான் பார்த்ததே இல்லை.