பிள்ளையைப் பற்றிக் கேட்டவர்

ஏழாம் மாதத்தில் பிரஷர் ஏறி, நாகர்கோவில் ஆஸ்பத்திரியில் என் முதல் பிள்ளை இறந்தே பிறந்தது. வீட்டுக்கு வந்ததும் சபையின் அக்காமார் ஜெபிக்க வந்தார்கள். "அழாத மக்கா, அடுத்தது நல்லபடியா வரும்" என்றார்கள். ஜெபத்திலும் வரப்போகிற பிள்ளைதான் இருந்தது. போனதைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. அவர்கள் கண்ணை மூடியிருந்தபோது எனக்கு மார்பில் பால் கட்டி வலித்தது. அது அடுத்த பிள்ளைக்கு வந்த பால் இல்லை.

கர்ப்பிணிகளுக்கு வரும் பிரஷரைப் பற்றி ஆராய்ச்சி செய்யும் டாக்டரம்மா ஒருவர் மாதாமாதம் வந்து என்னைப் பார்ப்பார். அந்த வாரமும் வந்தார்.

"சில கேள்வி பாக்கி இருக்கு. கஷ்டமா இருந்தா வேண்டாம்" என்று தயங்கினார்.

கேளுங்கள் என்றேன்.

ஆணா பெண்ணா என்று கேட்டார். எடை கேட்டார். கடைசியாக அசைவு தெரிந்தது எப்போது என்று கேட்டார்.

"ஞாயித்துக்கிழமை ஆராதனையில. பாட்டு தொடங்கினதும் உதைச்சா."

அதையும் எழுதிக்கொண்டு பேனாவை மூடினார். எழுந்தவரின் கையைப் பிடித்தேன்.

"இன்னும் எதாவது கேளுங்க டாக்டரம்மா."