நாயகனுக்குக் கை கொடுத்தவர்

படப்பிடிப்புத் தளத்தில் அவரைக் கையண்ணன் என்றுதான் கூப்பிடுவார்கள். முகத்தை அவசரத்தில் முடித்த கடவுள், கைகளை மட்டும் உட்கார்ந்து செய்திருந்தார். அங்கே நடிக்கும் பெரிய நாயகனுக்கோ முகம் ராஜா முகம், விரல்கள் கட்டைகுட்டை. நகம் கடிக்கிற பழக்கம் வேறு. அதனால் திரையில் அவர் கடிதம் எழுதினாலும், காதலிக்கு மோதிரம் போட்டாலும், கிட்டத்தில் காட்டும்போது அது கையண்ணனின் கை. நாயகனின் முதுகில் முகத்தைப் புதைத்து, அவர் அக்குள் வழியே கையை நீட்டி நின்றே இவருடைய வாலிபம் போய்விட்டது. வீட்டில் அடுப்பு எரிந்தது அந்தக் கையால்தான்.

அந்த உடம்பில் சர்க்கரை நோய் புகுந்து பல வருஷமாகிறது. மனைவிக்கு மட்டும் தெரியும். தளத்தில் மூச்சு விடவில்லை. புண் வந்தால் ஆறாது, விரல் நடுங்கும் என்று எவனாவது கிளப்பிவிட்டால் போதும், பிழைப்பில் மண் விழுந்துவிடும். கேட்டவர்களிடம் சத்து மாத்திரை என்று சொல்லி விழுங்குவார். யாருக்காவது பிறந்தநாள் என்று கேக் வெட்டினால், தன் துண்டை வாங்கிக் கைக்குட்டையில் மடித்துக்கொள்வார்.

இப்படியிருக்க, ஒரு நாள் நாயகன் டிவியில் தோன்றி, தனக்குச் சர்க்கரை நோய் இருப்பதாகப் போட்டு உடைத்தார். "மறைக்காதீங்க. வெளிய சொல்லுங்க. கூட இருக்கிறவங்க தாங்கிப்பாங்க" என்றார். ஊரே உருகிப்போனது. கையண்ணனின் மனைவியும்தான்.

"எவ்வளவு பெரிய மனுஷன், அவரே சொல்றாரு. நீங்க என்னடான்னா திருடன் மாதிரி முழுங்குறீங்க."

"அவர் சொன்னா செய்தி. நான் சொன்னா வம்பு. சும்மா இரு."

அடுத்து, அதே நோய் பற்றி ஒரு விழிப்புணர்வு விளம்பரம் எடுத்தார்கள். விரல் நுனியில் ஊசி குத்தி, ரத்தத்தைக் கருவியில் சோதித்து நாயகன் சிரிக்க வேண்டும். சிரிப்பு அவருடையது, குத்து வழக்கம்போல் கையண்ணனுக்கு. ரத்தம் நிஜமாகத்தான் இருக்க வேண்டும் என்று இயக்குநர் ஒரே பிடிவாதம். கருவியில் எண் முந்நூறைத் தாண்டி நின்றது.

"மெஷின் கோளாறு. வேற கொண்டு வாங்க" என்று எரிந்து விழுந்தார் இயக்குநர்.

நாயகன் அப்போதுதான் 'மறைக்காதீங்க' வசனத்தைத் திரும்பத் திரும்பப் பேசி முடித்திருந்தார். வசனத்தை வசனமாக மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது தளத்தைப் பெருக்குகிறவருக்குக்கூடத் தெரியும். அதிலேயே தலை நரைத்த கையண்ணனுக்கு அன்றைக்குப் புத்தி எங்கோ மேயப் போயிருந்தது.

"மெஷின் சரியாத்தான் இருக்கு சார். எனக்கும் சர்க்கரை இருக்கு."

நாயகன் திரும்பி அவரைக் கட்டிக்கொண்டார். எல்லோரும் கைதட்டினார்கள். கையண்ணன் குழந்தை மாதிரி அழுதார். எண்ணைப் பிறகு கணினியில் மாற்றிக்கொள்ளலாம் என்றார் இயக்குநர்.

அதற்குப் பிறகு அழைப்பே வரவில்லை. பொறுத்துப் பார்த்துவிட்டு நாயகனின் மேலாளருக்கு அவரே போன் செய்தார்.

"சார்தான் சொன்னாரு, உங்க உடம்புதான் முக்கியமாம். நல்லா ஓய்வெடுங்கண்ணே."

"ஓய்வெடுத்தா சோறு யாரு போடுவா தம்பி?"

"நாளைக்கு உங்களுக்குப் புண்ணு கிண்ணு வந்தா சார் பேருதான் கெடும். புரிஞ்சுக்குங்க."

நன்றாகவே புரிந்தது. விளம்பரத்தில் மட்டும் அவருடைய விரல் வீடு வீடாகப் போய் நல்ல எண் காட்டிக்கொண்டிருந்தது.

அப்புறம் ஒரு பேட்டியில் நாயகன் சொன்னார்: "எனக்குக் கை டூப் போட்டவரு ஒருத்தர், பல வருஷமா மறைச்சே வச்சிருந்தாரு. நான் குடுத்த தைரியத்துலதான் வெளிய சொன்னாரு. இப்ப வீட்டுல நிம்மதியா இருக்காரு."

மனைவி எழுந்துபோய் டிவியை அணைத்தாள். எல்லாம் உன்னால்தான் என்று சொல்ல வாயெடுத்த கையண்ணன், அவள் முகத்தைப் பார்த்து விழுங்கிக்கொண்டார்.

மறுவாரம், கைக்கடிகார விளம்பரம் எடுக்கும் ஒரு கம்பெனியில் போய் நின்றார். அங்கே பொறுப்பிலிருந்த பெண் அவர் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிடித்துப்போயிற்று. பிறகு லேசாக ஒரு சந்தேகம்.

"டிவியில சொன்னாரே, சர்க்கரை இருக்கிற கை டூப்புன்னு. அது நீங்களா?"

"அது வேற ஆளும்மா" என்றார் கையண்ணன். "பாவம், வீட்டுல நிம்மதியா இருக்காராம்."