சங்கர் தம்பி போடாத படம்

என் வீட்டுக்காரர் விழுந்த செய்தி எனக்கு முன்னால் உங்களுக்கு வந்துவிட்டது. அதை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

வடமாலபேட்டைப் பக்கம் ஒரு தோட்டத்தில் போர்வெல் மோட்டாரைத் தூக்கப் போனவர், வேலைக்கு நடுவில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். தோட்டக்காரர் உங்களில் ஒருவர். அவர் முதலில் உங்கள் வாட்ஸ்அப் குரூப்பில்தான் சொல்லியிருக்கிறார். நான் அப்போது வாசலில் வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தேன். முகம் தெரியாத ஒருவர் வண்டியை நிறுத்தினார்.

"ஏகாம்பரம் அண்ணா வீடு இதானேக்கா? கிளம்புக்கா. அண்ணாவத் திருப்பதி ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போயிருக்காங்க."

"நீ யாருப்பா?"

"குரூப்புல இருக்கேங்க்கா."

தாய்மாமன் மகன் என்று சொல்வதுபோல அதைச் சொன்னார். நான் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. நடையில் பத்துப் பேர் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருவரையும் எனக்குத் தெரியாது. என் வீட்டுக்காரருக்காக எனக்கு முன்னால் அழுது முடித்தவர்களைப் பார்த்ததும் எனக்கு வந்தது அழுகை இல்லை. பொறாமை. நான் ஐந்தாவது வரை படித்தவள், பூசி மெழுகத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல என் மகள் இதை எழுதி உங்களுக்கு அனுப்புகிறாள்.

முப்பதாம் நாள் முடிந்துவிட்டது. "குரூப்ப இன்னாக்கா பண்ணப் போற?" என்று உங்களில் பலர் கேட்டுவிட்டீர்கள். அந்தக் குரூப்பை நடத்தியவர் அவர் ஒருவர்தான். அவருடைய போன் இப்போது என்னிடம் இருக்கிறது. உங்கள் எல்லோரையும் ஒவ்வொருவராக நீக்கிவிட்டு, அவர் பேசிப் போட்ட குரலையெல்லாம் எனக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம் என்றுதான் இருந்தேன். போன வாரம் வரைக்கும் அந்த எண்ணம்தான்.

புத்தூரில் அவருக்கு மோட்டார் காயில் கட்டும் கடை. கடையில் பேசியதைவிடப் போனில் பேசியதுதான் அதிகம். காலையில் சாப்பிட உட்கார்ந்தால் தண்ணீர்ச் சொம்பின்மேல் போனைச் சாய்த்து வைத்துக்கொள்வார். யாருக்கோ மோட்டார் உறுமுகிறது, ஓடவில்லை. யாருக்கோ ஸ்டார்டர் நிற்கவில்லை. தமிழில் கேட்டால் தமிழ், தெலுங்கில் கேட்டால் தெலுங்கு. "அவசரமில்ல. மொதல்ல மெயின் சுவிட்ச இறக்குங்க. இறக்கிட்டேன்னு சொல்லுங்க. நீங்க சொல்ற வரைக்கும் நான் இருக்கேன்." இட்லி காய்ந்துகொண்டிருக்கும். எங்கேயோ முகம் தெரியாத ஒருவர் மெயினை இறக்கிவிட்டு வரும்வரை என் புருஷன் கையைக் கழுவாமல் காத்திருப்பார். நான் ஏதாவது சொல்ல வந்தால், "சீக்கிரம் சொல்லுமே, வேலை கீது" என்பார்.

பலமனேரில் மாடு வைத்திருக்கும் முனியம்மாவை உங்களுக்குத் தெரியும். அவள் ஒருநாள் ஒரே சந்தேகத்தை நாலு தரம் கேட்டாள். நாலு தரமும் அவர் முதல் தரம் சொல்வதுபோலவே சொன்னார். நான் தோசைக்கரண்டியுடன் நின்று எண்ணிக்கொண்டிருந்தேன்.

"நான் ரெண்டாவது வாட்டி கேட்டா, காதுல இன்னா பஞ்சான்னு கேப்ப. அவளுக்கு நாலு வாட்டியா?"

"அவங்க மாடெல்லாம் தண்ணியில்லாம நிக்குதுமே. உனுக்கு இன்னா நிக்குது?"

அவர் சிரிப்பதற்காகச் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

எனக்கும் ஒன்று நின்றுபோய்த்தான் இருந்தது. எங்கள் வீட்டு மோட்டார். ஊர் மோட்டாரையெல்லாம் ஓட்டுகிறவர் வீட்டில் மூன்று வாரமாக மோட்டார் ஓடவில்லை. நான் பக்கத்து வீட்டிலிருந்து குடம் குடமாகச் சுமந்தேன். "நாளைக்குப் பாக்கறேன்" என்பதே பதில். அப்போதுதான் நான் ஒரு வேலை செய்தேன். இதுவரை உங்களில் யாருக்கும் தெரியாது. என் தம்பியின் பழைய போனை வாங்கி, மகளிடம் சொல்லி அதிலிருந்து உங்கள் குரூப்பில் சேர்ந்தேன். நகரியிலிருந்து சேர்ந்த சங்கர் என்று ஒருவன் இருக்கிறானே, அவன் நான்தான்.

அவர் கடைக்குப் போன பிறகு, பின்கட்டில் ஸ்டார்டர் பெட்டிக்கு முன்னால் நின்று, "மோட்டார் உறுமுது, ஓடல" என்று எழுத்துக் கூட்டிப் போட்டேன். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. அவர் குரல் வந்தது.

"வாங்க சங்கர் தம்பி. பயப்படாதீங்க, சின்ன விஷயமாத்தான் இருக்கும். மெயின இறக்குங்க. இறக்கிட்டேன்னு சொல்லுங்க. நான் இருக்கேன்."

கல்யாணமாகி இருபத்திரண்டு வருடத்தில் அவர் என்னிடம் அவ்வளவு மெதுவாகப் பேசியது அதுதான் முதல் தடவை. மெயினை இறக்கினேன். "இறக்கிட்டேன்" என்று எழுதினேன்.

"சபாஷ். இப்ப மூடியத் தெறந்து மூக்க வையுங்க. மூக்கு மொதல்ல, கை கடைசியில. கருகின வாசன வருதா? ஒண்ணுத்தையும் தொடாதீங்க. ஒரு போட்டோ மட்டும் எடுத்துப் போடுங்க."

போட்டேன். பெட்டிக்குப் பின்னால் இருந்த சுவரை நான் யோசிக்கவில்லை. மகள் வளர வளர அவரே கரித்துண்டால் அவள் உயரத்தைக் கோடு போட்ட சுவர் அது. பத்து நிமிடம் கழித்து ஒரு வரி வந்தது: "சங்கர் தம்பி, வீட்லயே இருங்க. நானே வர்றேன்."

வந்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை. கெபாசிட்டரை மாற்றினார், மோட்டாரைப் போட்டார், தொட்டியில் தண்ணீர் கொட்டியது. செருப்பை மாட்டிக்கொண்டே கேட்டார்: "இன்னாமே, தண்ணி வந்த படம் போடலியா?"

சரியானதும் தண்ணீர் கொட்டுவதைப் படம் பிடித்துப் போட வேண்டும் என்பது அவர் உங்களுக்கு வைத்த ஒரே சட்டம்.

"நான் போட மாட்டேன்."

"போடாம போறவங்க இன்னும் கஷ்டத்துல கீறாங்கன்னு நான் நெனச்சிக்கினே இருப்பேன், தெரியுமா?"

"நல்லா நெனச்சிக்கினு இரு. ஒரு வாட்டியாவது நெனை."

அவர் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. ஆனால் விடவும் இல்லை. நான் அவரோடு சண்டை போட்ட நாளிலும், சும்மா கடையில் உட்கார்ந்திருந்த நாளிலும், உங்கள் எல்லோருக்கும் நடுவில் அவர் குரல் வரும்: "சங்கர் தம்பி, தண்ணி வந்துச்சா? படம் இன்னும் வரல." நீங்களும் சேர்ந்துகொண்டு, "அண்ணா இவ்ளோ கேக்கறாரு, அந்த ஆளுக்கு மரியாத தெரியல" என்று திட்டுவீர்கள். நான் அடுப்படியில் நின்று தனியாகச் சிரிப்பேன். இரண்டு வருடம் இப்படியே போனது. குரூப்பில் அப்படி என்னதான் இருக்கிறது என்று வேவு பார்க்க நுழைந்தவள், எனக்கு மோட்டார் ஓடிய பிறகும் அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

காரியத்துக்கு முனியம்மா பலமனேரிலிருந்து ஒரு தூக்கு நிறையத் தயிர் கொண்டு வந்திருந்தாள். அவரைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது அவள் சொன்னாள்:

"அண்ணா வேலை கத்துக்கின எடத்துல ரெண்டாவது வாட்டி சந்தேகம் கேட்டா ஸ்பேனராலயே அடிப்பாங்களாம்க்கா. கை முட்டியில வெட்டுத் தழும்பு இருந்துச்சில்ல, அதான். அதனாலதான் நாம எத்தினி வாட்டி வேணா கேக்கலாம்னு சொல்வாரு."

அந்தத் தழும்பை இருபத்துநாலு வருடமாகப் பார்த்தவள் நான். சைக்கிளிலிருந்து விழுந்தது என்று என்னிடம் சொல்லியிருந்தார். எனக்குச் சைக்கிள், உங்களுக்கு ஸ்பேனர். அந்தத் தயிரை எடுத்துத் தெருவில் கொட்டலாம் போல இருந்தது.

ஆத்திரத்தில் கேட்டேன்: "அதுக்காக நாலு வாட்டியா கேப்ப? அவ்ளோ புரியலியா உனுக்கு?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "மொத வாட்டியே புரிஞ்சிடுச்சிக்கா. எங்கூட்ல நான் கேக்கற எதுக்கும் யாரும் பதில் சொல்றதில்ல."

நான் எழுந்து உள்ளே போய்விட்டேன். நானும் அதற்காகத்தான் அங்கே வந்தேன் என்று அவளிடம் சொல்லியிருக்கலாம். ஆனால் சங்கர் யார் என்று சொல்லாமல் அதைச் சொல்ல முடியாது.

போன வாரம் எங்கள் மோட்டார் மறுபடி நின்றது. யாரையாவது கூப்பிடலாம் என்றாள் மகள். நான் தம்பியின் போனை எடுத்து, சங்கருக்கு அவர் அன்று பேசிப் போட்டதைத் தேடி எடுத்தேன். அவர் சொல்லச் சொல்ல மெயினை இறக்கினேன். "இறக்கிட்டேன்" என்று எழுதியும் விட்டேன். எழுதிய பிறகுதான், கேட்க ஆள் இல்லை என்பது உறைத்தது. அப்படியே பெட்டிமுன் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

போன் சத்தம் போட்டது. பலமனேர்க் குரல்.

"சங்கர் அண்ணா, அண்ணா இல்லன்னு பயப்படாதீங்க. அவசரமில்ல. மூக்கு மொதல்ல, கை கடைசியில. நான் இருக்கேன்."

மூக்கை வைத்தேன். கருகிய வாசனை வந்தது. படம் போட்டேன். ஒரு ஒயரின் முனை தளர்ந்து தீய்ந்திருப்பதை அவள் கண்டுபிடித்தாள். மெயின் இறங்கியிருக்கிறதா என்று மூன்று தரம் கேட்டாள். பிறகுதான் முனையைச் சுரண்டி ஸ்க்ரூவை இறுக்கச் சொன்னாள். மோட்டார் ஓடியது. மாட்டுக்காரி ஒருத்தி, முகம் தெரியாத ஒரு நகரிக்காரனுக்காக, நாற்பது நிமிடம் காத்திருந்தாள். அவர் இட்லி காய்ந்தது எதற்காக என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

குரூப்பை மூடவில்லை. யாரையும் நீக்கவில்லை. இனிமேல் அதை முனியம்மா நடத்துவாள். அவள் எண்ணுக்குப் பொறுப்பை மாற்றிக் கொடுத்துவிட்டேன். அவர் குரல் உங்களுக்கும் இருக்கட்டும். பொறாமை போய்விட்டது என்று நினைக்காதீர்கள். அவர் "நான் இருக்கேன்" என்று உங்களிடம் சொன்ன ஒவ்வொன்றும் எனக்கு வந்திருக்க வேண்டியது என்றுதான் இப்போதும் தோன்றுகிறது. ஒன்று மட்டும் முழுக்க எனக்கே உரியது: "சங்கர் தம்பி, தண்ணி வந்துச்சா?" அதில் உங்களுக்குப் பங்கு கிடையாது.

போன வாரத் தண்ணீருக்கு முனியம்மாவுக்குப் படம் போட்டுவிட்டேன். இரண்டு வருடத்துக்கு முந்தைய தண்ணீருக்கு இன்னும் போடவில்லை. போட மாட்டேன். இருக்கிற இடத்திலிருந்து அவர் கேட்டுக்கொண்டே இருக்கட்டும்.